இருசம்மாள் வூட்டைக் காணோம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் அழகேசனின் துப்பறியும் ஆபீஸ். காணாமல் போன ஆட்டைத் தேடித் தரச் சொல்லி அங்கே வந்திருக்கிறார்கள். காணாமல் போன மாப்பிள்ளைக்காக வந்திருக்கிறார்கள். லப்பைக்குடிக்காட்டில் கப்பல் ஏறி வந்த ரேடியோப் பெட்டி ஒன்று வந்த வேகத்தில் மாயமாகி, அதற்கும் ஒரு பாய் வந்து உட்கார்ந்திருக்கிறார். வீட்டைத் தேடி மட்டும் யாரும் வந்ததில்லை.

"என் வூட்டைக் காணோங்க," என்றாள் படியேறி வந்த பெண்.

டைப் அடித்துக்கொண்டிருந்த அம்சவள்ளி நிமிர்ந்தாள். அவளுக்கு எல்லாம் நல்லதாகத்தான் அமைந்திருந்தது, வாயைத் தவிர. "எங்க வச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்ட பிறகுதான் அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்தாள். முழங்கால் வரை புழுதி. பஸ் ஓடும் ரோட்டில் நடந்தே வந்திருக்கிறாள். அம்சவள்ளி நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து, தன் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள்.

"ஒக்காருங்க. தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க."

பெயர் இருசம்மாள். ஊர் புளியங்குறிச்சி, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ரோட்டை ஒட்டின ஊர். புருஷன் மதுரைவீரன் போய்ச் சேர்ந்துவிட்டான். கடலை பறிக்க அரியலூர்ப் பக்கம் போயிருந்தாள். வேலை முடிந்து திரும்பினால் அவள் வீட்டுக்குள் இரண்டு உழவு மாடு நிற்கிறது. கதவைக் கழற்றியிருக்கிறார்கள். அடுப்பைப் பெயர்த்திருக்கிறார்கள். விளக்கு வைக்கிற மாடக்குழியைக்கூட மண் வைத்துப் பூசியிருக்கிறார்கள். வாசலில் பண்ணைக் காரியஸ்தன் அய்யாக்கண்ணு காலை அகட்டி நின்றுகொண்டு, "இது மாட்டுக் கொட்டகைதானே, ஒனக்கு இங்க என்ன வேலை?" என்றானாம்.

"தெருவுல யாரும் கேக்கலையா?" என்றாள் அம்சவள்ளி.

"எங்க கேட்டாங்க? பக்கத்து வூட்டு ரெங்கம்மா என் கூடப் பொறக்காத தங்கச்சி. அவளே மொகத்தைத் திருப்பிக்கிட்டா."

மேஜைக்குப் பின்னால் அழகேசன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னாள் போலீஸ். லத்தி பிடித்த போலீஸ் இல்லை. பொதுக்கூட்டங்களில் மேடைக்குக் கீழே உட்கார்ந்து, யார் என்ன பேசினார்கள் என்பதைச் சுருக்கெழுத்தில் பிடிக்கிற போலீஸ். மேடையில் பேசாத ஒன்றைப் பேசியதாக எழுதச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். வேலை போனது, காது மிஞ்சியது. அந்தக் காதை வைத்துத்தான் இப்போது பிழைப்பு.

"எடம் யாருதும்மா?" என்றார்.

"பண்ணையோடது. பாலசுந்தரம் ஐயா எடம். எங்க தெருவே அவரு எடத்துலதான் இருக்கு. எங்க மாமனாரு காலத்துல ஒக்காரச் சொன்னாங்க, ஒக்காந்தோம்."

அழகேசன் மேஜை மேல் கிடந்த பேப்பரை எடுத்து உதறினார். அம்சவள்ளிக்குப் புரிந்துவிட்டது. "அந்த மசோதாவா சார்?"

அந்த மாதம் பெரம்பலூரில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். நில உச்சவரம்பு, குத்தகை, கூலி, குடியிருப்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிச் சட்டசபையில் இறக்கியிருந்தார்கள். இனிமேல் ஏழை இல்லை என்றார் ஒருவர். இனிமேல் விவசாயமே இல்லை என்றார் இன்னொருவர். கீழே சைக்கிள் கடைக்காரர், வாடகை சைக்கிளையும் ஓட்டுகிறவனுக்கே எழுதி வைக்கச் சொல்வார்கள் என்று பயந்து பாதி சைக்கிளை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

"உச்சவரம்புக்குப் பாலசுந்தரம் பயப்பட மாட்டாரு," என்றார் அழகேசன். "மச்சான் பேர்ல, மருமகன் பேர்ல, இன்னும் பொறக்காத பேரன் பேர்ல எல்லாம் மாத்தியிருப்பாரு. கூலிக்கும் பயப்பட மாட்டாரு. சட்டப்படி கூலி குடுன்னு கேட்டவளுக்கு மறுநாள் வேலை கெடையாது, அதனால கேக்க மாட்டா. ஆனா கடைசிப் பக்கத்துல ஒண்ணு இருக்கு. யாரும் படிக்காத பக்கம். அடுத்தவன் நெலத்துல வீடு கட்டிக் குடியிருக்கிறவங்களுக்கு அந்த அடிமனை சொந்தம். மாட்டுக் கொட்டகை, காவல் குடிசை இதெல்லாம் சேராது."

"ஒரு பாய் விரிக்கிற எடம் சார். அத்தனை வேலி நெலம் வச்சிருக்கிறவருக்கு அது ஒரு கணக்கா?"

"எடம் கணக்கில்ல அம்சா. காலுக்குக் கீழ சொந்த மண்ணு இருந்தா, நாளைக்கு வேலைக்கு வரலேன்னு சொல்லலாம். அப்ப வீட்டைக் காலி பண்ணுன்னு பதிலுக்குச் சொல்ல முடியாது. பெரிய பெரிய பிரிவெல்லாம் காகிதத்தோட போயிடும். பண்ணையோட அடிமடியில கை வைக்கிறது இந்தச் சின்னப் பிரிவுதான்."

இருசம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்புடியா போட்டிருக்கு?"

"போட்டிருக்கு. இன்னும் பாஸாகலை."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அப்ப நான் வுட மாட்டேங்க," என்றாள்.

அம்சவள்ளிக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. "தெரு முழுக்க வீடு இருக்கப்ப, இவங்க வீட்டுல மட்டும் ஏன் மாட்டைக் கட்டணும்?"

"புருஷன் இல்ல, புள்ளை இல்ல, கேக்க ஆள் இல்ல," என்றார் அழகேசன். "இது ஒத்திகை. இங்க பலிச்சிட்டா, மசோதா பாஸாகுறதுக்குள்ள அந்தத் தெரு முழுக்க மாடு நிக்கும்."

அழகேசன் மனு எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்தார். கொடுத்துவிட்டு வந்திருந்தால் அது இன்றைக்கும் அங்கேயே தூங்கியிருக்கும். அம்சவள்ளி தினமும் போய் எதிரில் உட்கார்ந்து, அங்கிருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் விசாரித்தாள். அவள் தொல்லை தாங்காமல் வெள்ளிக்கிழமை ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டரை அனுப்பி வைத்தார்கள்.

அரியலூர் பஸ்ஸைப் பிடித்து அழகேசனும் அம்சவள்ளியும் புளியங்குறிச்சியில் இறங்கியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஆர்.ஐ. குடையும் பைலுமாக முன்பே வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. பண்ணை வீட்டு மோர் வயிற்றில் இருந்ததால் கொஞ்சம் நெளிந்தார், அவ்வளவுதான்.

இருசம்மாளின் வீட்டுக்குள் இரண்டு மாடும் நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தன. அம்சவள்ளி வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தாள். அண்ணாந்து பார்க்கும்படி ஒன்றும் இல்லை, அது அவள் நெற்றி உயரத்துக்குத்தான் இருந்தது.

"ஏங்க, ஒங்க மாடு குனிஞ்சு கும்பிடு போட்டுட்டுதான் உள்ள போகுமா?"

"பின்னால வழி இருக்குங்க," என்றான் அய்யாக்கண்ணு. பின்னால் சுவரை உடைத்து, உடைத்த இடத்தில் சாணியும் மெழுகியிருந்தது.

"கூரை உள்பக்கம் இவ்வளவு புகைக்கரி?" என்றார் அழகேசன்.

"கொசுவுக்கு மூட்டம் போடுவோங்க."

"மாடக்குழி?"

"செவுரு வெடிச்சிருந்துச்சுங்க, பூசினோம்."

கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்து நின்றது. ஆர்.ஐ. தெருக்காரர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராக விசாரித்தார். ஒரு பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இது மாட்டுக் கொட்டகைதாங்க," என்றார். அடுத்தவனும் அதையே சொன்னான். கடைசியாக ரெங்கம்மாள் வந்தாள். இருசம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் அய்யாக்கண்ணுவின் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "மாட்டுக் கொட்டகைங்க," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அம்சவள்ளிக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவிலும் காதில் ஏதோ நெருடியது. அழகேசனின் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"சார், நான் டூரிங் டாக்கீசுல பொம்பளைங்க பக்கம் டிக்கெட் கிழிச்சவ. டிக்கெட்டுல கொட்டகைன்னுதான் அச்சடிச்சிருக்கும். ஆனா ஒரு ஜனம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. கொட்டாய்ம்பாங்க. சினிமா கொட்டாய், மாட்டுக் கொட்டாய். இவங்க எல்லாரும் மணி மணியா கொட்டகைன்னு சொல்றாங்க."

அழகேசன் முதல்முறையாகச் சிரித்தார். "எனக்கும் அதுதான் கேட்டுச்சு. மசோதாவுல அச்சடிச்சிருக்கிற வார்த்தை அது. யாரோ படிச்சுப் பார்த்துட்டு, ஒக்கார வச்சுப் பாடம் நடத்தியிருக்காங்க."

"அப்ப ஆர்.ஐ. கிட்ட சொல்லுங்க."

"நல்ல தமிழ் பேசினாங்கன்னு கேஸ் போட முடியாது. ஆனா பாடம் நடத்தினவர் ஒரு வார்த்தையை மட்டும் மறந்திருப்பாரு. அது அவர் வாயிலேயே வரட்டும்."

இருசம்மாளின் முறை வந்தது. குடியிருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று ஆர்.ஐ. கேட்டார்.

"என் புருஷன் உசுரு இங்கதாங்க போச்சு. இதைவிட என்ன வேணும்?"

"வயக்காட்டுல வுழுந்து செத்தான் சார்," என்றான் அய்யாக்கண்ணு சட்டென்று.

ஆர்.ஐ. இரண்டு பக்கமும் பார்த்தார். அப்போதுதான் பாலசுந்தரத்தின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பட்டணம் போயிருந்தவர் அன்று காலைதான் அரியலூரில் ரயிலை விட்டு இறங்கியிருந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, விபூதி, சிரித்த முகம். அய்யாக்கண்ணு நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"நான் இந்த மசோதாவை வரவேற்கிறவன் சார்," என்றார் உட்கார்ந்தபடியே, மேடைக் குரலில். "அரியலூர் கூட்டத்துலயே பேசியிருக்கேன். ஏழைக்கு எடம் குடுக்கணும். ஆனா அதைச் சாக்கு வச்சு, இல்லாத வீட்டுக்கு உரிமை கேட்டா? எங்கப்பா காலத்துலேருந்து இது மாட்டுக் கொட்டகை. ஒரு நாள்கூட இதுல மனுஷன் குடியிருந்ததில்ல. எழுதிக்குங்க."

"கடைசி வரியை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க சார்," என்றார் அழகேசன்.

ஒரு நாள்கூட மனிதர் குடியிருந்ததில்லை என்று ஆர்.ஐ. படித்தார். பாலசுந்தரம் தலையாட்டினார். போயும் போயும் இதை ஏன் இரண்டு தடவை கேட்கிறார் என்று அம்சவள்ளிக்குக் கோபமே வந்தது.

அழகேசன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் மிகவும் பணிவாக இறங்கியது. "அப்பறம் எனக்கு வேலையில்லைங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒங்களைப் பத்தி ஒரு பேச்சு காதுல வுழுந்துச்சு. சொல்லத்தான் சங்கடமா இருக்கு."

"என்ன பேச்சு?"

"மதுரைவீரன் காலம் பூரா ஒங்க பண்ணையிலதான் ஒழைச்சான். அவன் செத்தப்ப நீங்க ஒரு கோடித்துணிகூட எடுத்துத் தரலையாம். எட்டிக்கூடப் பாக்கலையாம். இவ்வளவு பெரிய பண்ணை, பொணத்துக்கு ஒரு முழத்துணிக்கு யோசிச்சுட்டாருன்னு..."

பாலசுந்தரத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "எவன் சொன்னான்? எந்த நாக்கு சொல்லிச்சு? சேதி வந்ததும் பூட்டின கடையைத் தொறக்கச் சொல்லி அரியலூர்ல கோடி எடுத்தேன்யா. ஆள் கிட்டக் குடுத்தனுப்பல. எழவு வூட்டுக்கு நானே வந்தேன். எங்க வம்சத்துல ஒருத்தன் இந்தத் தெருவுல கால் வச்சதில்ல, நான் வந்தேன். இதோ, இந்த வாசல்ல நின்னு, இவ கையிலதான் குடுத்துட்டுப் போனேன். இல்லேன்னு சொல்லச் சொல்லு பாப்போம்."

நீட்டிய விரல் இருசம்மாளின் வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு மாடு அந்த விரலைப் பார்த்தது.

"எந்த வூட்டுக்கு வந்தீங்க?" என்றார் அழகேசன்.

விரல் மெதுவாக மடங்கியது.

"எழவு வூடுன்னுதான்யா சொல்லணும்," என்றார் பாலசுந்தரம், குரல் கொஞ்சம் இறங்கி. "வேற எப்படிச் சொல்றது?"

"எழவு கொட்டகைன்னு சொல்லிப் பாருங்களேன்," என்றாள் அம்சவள்ளி. "ஒங்களுக்குப் பழக்கமான வார்த்தைதானே."

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆர்.ஐ. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, "எழுதவாங்க?" என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டார்.

பாலசுந்தரம் சும்மா பண்ணை ஆளவில்லை. மூச்சு வாங்கும் நேரத்துக்குள் சிரிப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "எழுதிக்கய்யா. வீடுதான். அவ குடியிருந்தவதான். அதனால என்ன ஆச்சு? மசோதாவை முழுசாப் படிச்சீரா துப்பறியும் தொரை? சட்டம் என்னிக்கு அமலுக்கு வருதோ, அன்னிக்கு யாரு குடியிருக்காங்களோ அவங்களுக்குத்தான் மனை. அவ புருஷன் செத்தன்னிக்கு இல்ல, இன்னிக்கும் இல்ல. பட்டணத்துல கேட்டுத் தெளிஞ்சுட்டுதான் வரேன். அன்னிக்கு உள்ள என் மாடு நிக்கும்."

அம்சவள்ளிக்குத் தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. ஜெயித்தோம் என்று நினைத்த கேஸ் கண் முன்னாலேயே நழுவிப் போகிறது. அழகேசனைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மனிதர் இதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

அவர் இருசம்மாளின் பக்கம் திரும்பினார். "அவர் சொல்றது உண்மைதாம்மா. ஒங்ககிட்ட மறைச்சுப் பேச மாட்டேன். இது எப்ப பாஸாகும்னு தெரியாது. ஆறு மாசம் ஆகலாம், வருஷக் கணக்கா இழுக்கலாம். அங்க வெட்டி, இங்க ஒட்டி, இந்தப் பிரிவையே தூக்கினாலும் தூக்குவாங்க. நல்லது பண்ணத்தான் போட்டாங்க. ஆனா அது வந்து சேர்றதுக்கு முன்னாடி இந்தக் கஷ்டம்தான் முந்திக்கிட்டு வந்திருக்கு. தெனமும் யாராவது வந்து காலி பண்ணச் சொல்லுவான். நீங்க குடியிருந்தது ஆர்.ஐ. எழுத்துல ஏறிடுச்சு, அது ஒரு பிடி. அதுக்கு மேல என்னால முடிஞ்சது இல்ல."

"வந்துச்சுன்னா?" என்றாள் இருசம்மாள்.

"வர்ற அன்னிக்கு உள்ள இருக்கணும்."

"அவ்ளோதானே?"

அவள் குனிந்து வீட்டுக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் சுற்றிக்கொண்டு இரண்டு மாட்டையும் கயிறோடு ஓட்டி வந்தாள். நேராகப் பாலசுந்தரத்திடம் போய், கயிற்றை அவர் கைக்கு நேரே நீட்டினாள்.

"எழவு வூட்டுல மாடு கட்டக் கூடாதுங்க. நீங்களே ஒங்க வாயால சொல்லிட்டீங்க."

அவர் வாங்கவில்லை. கயிறு நீண்டபடியே இருந்தது, அவள் கையும் இறங்கவில்லை. கடைசியில் அய்யாக்கண்ணு ஓடி வந்து வாங்கிக்கொண்டான்.

இருசம்மாள் தெருவோரம் கிடந்த கல்லில் மூன்றைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய், அடுப்பைப் பெயர்த்த இடத்திலேயே கூட்டினாள். விறகு இருந்தது, நெருப்பு இல்லை. தெருவே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாலசுந்தரம் காரில் ஏறாமல் அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் முதலில் அசைவார்கள் என்று பார்க்கிறார், அம்சவள்ளிக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவளே தீப்பெட்டிக்குப் பையைத் துழாவினாள். அழகேசன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ரெங்கம்மாள் வெளியே வந்தாள். உடைந்த சட்டித் துண்டில் அவள் அடுப்புக் கங்கு. யாரையும் பார்க்காமல் நடந்து வந்தாள்.

"நீதானே கொட்டகைன்னு சொன்ன?" என்றார் ஆர்.ஐ.

"சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்." அவள் நிற்காமல் வாசலைத் தாண்டினாள். "இது எங்க அக்கா வூடு."

கங்கை அடுப்பில் கொட்டி இரண்டு பேரும் குனிந்து ஊதினார்கள். கூரைக்கு மேல் புகை வந்தது.

"நாளையிலேருந்து இந்தத் தெருவுல ஒருத்திக்கும் என் பண்ணையில வேலை கெடையாது," என்றார் பாலசுந்தரம்.

இருசம்மாள் புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "அரியலூர்ப் பக்கம் கடலைக்கு ஆள் பத்தலைங்க. பாதிப் பேரு போறோம், பாதிப் பேரு வூட்டுல இருக்கோம். மாத்தி மாத்திப் போவோம். இனிமே நீங்க எப்ப வந்தாலும் எல்லா வூட்டுலயும் ஆள் இருக்கும். எல்லா அடுப்பும் எரியும். சட்டம் வரட்டும், வராட்டிப் போவட்டும்."

முதலில் சாட்சி சொன்ன அந்தப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் போய் நின்றார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். கார் கிளம்பிய சத்தத்தை அங்கே யாரும் சட்டை செய்யவில்லை. ஆர்.ஐ. மட்டும் குடையை விரித்துக்கொண்டு, தான் பார்த்த புகையையும் எழுத வேண்டுமா என்று அழகேசனிடம் கேட்டார். அதை முதல் வரியாக எழுதச் சொன்னார் அழகேசன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்சவள்ளி ரோட்டுப் பக்கம் திரும்பினாள். பின்னாலிருந்து இருசம்மாள் கூப்பிட்டாள்.

"பாப்பா, வூடு கெடைச்சிடுச்சு. வச்ச எடத்துலயேதான் இருந்துச்சு. டீத்தண்ணி போடுறேன், குடிச்சிட்டுப் போ."

அம்சவள்ளி நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, அந்த வீட்டுக்குள் போனாள்.